எஞ்சினில் கை வைத்த பிறகு மைலேஜ் விழுந்தால்: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிப்பது

"வண்டி நல்லா இழுக்குதுங்ணா. ஆனா குடிக்குதுங்க."

பம்ப் வேலை முடிந்து முதல் நடை போன டிரைவர் தொப்பூர் மலைப்பாதை தாண்டி டீக்கடையில் நின்று போனில் இப்படிச் சொன்னால், சங்ககிரியில் உட்கார்ந்திருக்கும் ஓனருக்கு அன்று சோறு இறங்காது. எனக்கு அப்படிப் பல நாள் இறங்கவில்லை. என்னிடம் மூன்று வண்டி. இரண்டு பழைய பத்துச் சக்கரம், மைக்கோ பம்ப் (எஞ்சினுக்கு டீசல் அளந்து அடிக்கும் பழைய மெக்கானிக்கல் பம்ப்) போட்டது. ஒன்று பி.எஸ்.6, அதாவது புதிய புகை விதிப்படி வந்த வண்டி. எந்த வண்டியில் எந்தத் தேதியில் எதை மாற்றினோம், அதற்குப் பிறகு மைலேஜ் என்ன ஆனது என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பட்டறைக்குப் போவதற்கு முன்னால் நீங்களே பார்த்துக்கொள்ளக்கூடியவற்றை அந்த நோட்டிலிருந்து இங்கே தருகிறேன்.

இது சின்ன விஷயமில்லை. மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கொடுத்தால் 2,000 லிட்டர். அதுவே 3.7 ஆனால் 2,162 லிட்டர். டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் மாதம் 15,000 ரூபாய் புகைக்குழாய் வழியாகப் போகிறது.

முதலில், உண்மையிலேயே விழுந்ததா?

பாதிப் பேருக்குப் பிரச்சினை எஞ்சினில் இல்லை, அளந்ததில் இருக்கிறது. ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டி நிற்கும் இடம் சமதளம். டேங்க் ஒரு பக்கமாகத் தொங்குவதால் தரை சாய்ந்திருந்தால் கழுத்து வரை நிறைந்ததுபோல் தெரியும், நிறைந்திருக்காது. நுரை அடங்கும் வரை நின்று மறுபடி ஊற்றுங்கள். 100 லிட்டரில் 5 லிட்டர் நுரையை நம்பி விட்டுவிட்டால் கணக்கில் 5 சதவீதம் பிசகு. எஞ்சின் வேலையால் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் இந்த அளவுதான். அப்புறம் எதை வைத்து எதைச் சொல்வது?

ஒரு பக்க நடையை வைத்து மைலேஜ் பேசவே கூடாது. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், பெங்களூரு 920. 25 டன் வண்டியை அந்த 640 மீட்டர் தூக்குவதற்கு மட்டும், எஞ்சின் நூற்றுக்கு நாற்பது பங்கு திறமையாக எரிக்கிறது என்று வைத்தாலும், 11 லிட்டர் டீசல் வேண்டும். 200 கிலோமீட்டருக்கு 50 லிட்டர் என்ற கணக்கில் இது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். இறங்கும்போது அதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், மிச்சத்தை பிரேக் டிரம் தின்றுவிடும். ஆகவே போக வர ஒரு முழு நடை, அதுவும் இரண்டு தடவை, ஏறக்குறைய அதே லோடில் பாருங்கள். அதற்கு முன் எந்த ஸ்க்ரூவையும் தொட வேண்டாம்.

இடையில் ஒன்று. தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று சொல்லும் டிரைவர் இன்னும் இருக்கிறார். கியரில் விட்டுக் காலை எடுத்தால் மைக்கோ பம்ப்பானாலும் புது வண்டிகளின் காமன் ரெயிலானாலும் டீசல் அடிப்பது நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால் ஐடிலுக்கு டீசல் போய்க்கொண்டே இருக்கும். மிச்சமும் இல்லை, பிடிமானமும் இல்லை. அந்த இறக்கத்தில் நடந்த விபத்துகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அறிகுறி: இழுவை கூடியது, கரும்புகை, மைலேஜ் குறைவு

இதுதான் அதிகம் வருவது. கரும்புகை என்றால் உள்ளே போன டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள். ஒரு கிலோ டீசல் எரியக் கணக்குப்படி 14.5 கிலோ காற்று போதும். ஆனால் டீசல் எஞ்சினில் தெளித்த நொடியில் கலந்து எரிய வேண்டியிருப்பதால் அது பத்தாது. 20 கிலோ பக்கம் இருந்தால் சுத்தம், அதற்குக் கீழே போகப் போகப் புகை. மேலே வரும் கறுப்பு அத்தனையும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல்.

முதலில் காலி வண்டியின் கணக்கையும் லோடு வண்டியின் கணக்கையும் தனித்தனியாகப் பாருங்கள். காலியில் மைலேஜ் மாறாமல் லோடில் மட்டும் விழுந்தால் சந்தேகம் பம்ப் மேல். அதிகபட்ச டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பம்ப்பின் ஃபுல் லோடு ஸ்க்ரூ, கால் முழுக்க மிதிக்கும்போதுதான் வேலை செய்யும். பாதி மிதியில் சமதளத்தில் ஓடும்போது அது எங்கே நின்றாலும் ஒன்றுதான். காலியிலும் சேர்ந்து விழுந்திருந்தால் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிப்பது), டைமிங் (அது தெளிக்கும் நேரம்), பிரேக் பக்கம் போங்கள்.

அடுத்து, புகை எப்போது வருகிறது? சிக்னலில் கிளம்பும்போது குப்பென்று வந்து, டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது) சத்தம் ஏறியதும் தெளிந்துவிட்டால், பம்ப்பின் மேலே வட்டமாக ஒரு டப்பா இருக்கும், அதைப் பாருங்கள். டர்போவிலிருந்து ஒரு சின்னக் குழாய் அதற்கு வரும். காற்றழுத்தம் ஏறிய பிறகுதான் முழு டீசலை விடுவது அதன் வேலை. உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம், ஒரு ஸ்ப்ரிங். "பிக்கப் வேணும்" என்று நாம் சொன்னதும் மெக்கானிக் அந்த ஸ்ப்ரிங்கைத் தளர்த்திவிடுவார். காற்று வருவதற்கு முன்பே டீசல் போய்விடும். பெருந்துறையிலிருந்து கோவை வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்தக் குப்பென்ற புகையை எண்ணிப் பாருங்கள்.

ஏற்றம் முழுக்கப் புகை விடாமல் வந்தால் ஃபுல் லோடு ஸ்க்ரூ. கம்பெனியிலிருந்து வரும்போது அதில் கம்பி கோத்து ஈயச் சீல் வைத்திருப்பார்கள். என் வண்டியில் நான் முதலில் பார்த்தது அதைத்தான். கம்பி இரண்டாக வெட்டப்பட்டு எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக் கிடந்தது. மெக்கானிக்கைக் கேட்டேன்.

"ஏனுங்க, இதை யாரு திருகுனது?"

"நீங்கதானுங்ணா தொப்பூர்ல மூணாவதுல ஏறோணும்னீங்க. ஒரே ஒரு சுத்துதான் வச்சேன்."

அவர் மேலும் தப்பில்லை.  நான் கேட்டது ஒரு கியர் மேலே ஏறி, ஐந்து நிமிடம் சீக்கிரம் போவது. அந்த ஐந்து நிமிடத்துக்குக் கொடுத்த விலை லிட்டருக்கு 0.3 கிலோமீட்டர். அதோடு விட்டால் பரவாயில்லை. அதிக டீசல் எரிந்தால் வெளிவரும் புகையின் சூடு ஏறும். பிஸ்டன் தலை, ஹெட், டர்போ மூன்றும் அதைத்தான் வாங்கிக்கொள்ளும். ஸ்க்ரூவைக் கண் மதிப்பில் திருப்பி வைக்காதீர்கள். பம்ப்பைக் கழற்றி, பம்ப் சோதிக்கும் பெஞ்சில் ஏற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளவுக் குழாயில் எவ்வளவு விழுகிறது என்று பார்த்து கம்பெனி அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். ஆறு குழாயிலும் ஒரே மட்டம் நிற்கிறதா என்று கூடவே நின்று பாருங்கள். ஒன்று மட்டும் ஏறியிருந்தால் அந்த ஒரு சிலிண்டர்தான் புகைக்கிறது.

பம்ப் சரியாக இருந்தும் புகை வந்தால் காற்று பக்கம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா? சிமென்ட் லோடு அடிக்கும் வண்டிக்கு மற்ற வண்டியின் கணக்கு ஒத்துவராது. ஃபில்டர் கூட்டில் சிவப்புக் காட்டி இருந்தால் அதை நம்புங்கள். காற்றடித்துக் காற்றடித்தே காகிதம் கிழிந்த ஃபில்டர்கள் நிறைய. அதற்குப் புதிது வாங்குவது மலிவு.

அறிகுறி: புகை இல்லை, இழுவை நன்றாக இருக்கிறது, கணக்கில் மட்டும் மைலேஜ் இல்லை

இது என்னை மூன்று மாதம் சுற்ற விட்டது.

நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்குக் கிரவுன் பினியன் (பின் அச்சில் இருக்கும் பல் சக்கர ஜோடி) மாற்றுவது நல்ல மாற்றம்தான், சந்தேகமில்லை. 6க்கு 41 பல் என்றால் விகிதம் 6.83. 7க்கு 41 என்றால் 5.86. டயர் ஒரு சுற்றுக்கு 3.2 மீட்டர் உருளும் என்று வையுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் நேர் டாப் கியரில், 6-41இல் எஞ்சின் 2,130 சுற்றுக்குப் பக்கத்தில் கத்தும். 7-41இல் 1,830. அதே வேலையைக் குறைந்த சுற்றில் செய்தால் உள் உராய்வு குறையும், டீசல் குறையும். நான் மாற்றினேன். பழைய மைலேஜ் 4. முதல் நடையில் டிரைவர் கொண்டுவந்த கணக்கு 3.6.

டிரைவரைச் சந்தேகப்பட்டேன். டீசல் விற்கிறானோ என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அப்புறம் அவன் வீட்டுக்குப் போய் அழைத்து வர வேண்டியிருந்தது.

விஷயம் என்னவென்றால், அந்த வண்டியில் ஸ்பீடோமீட்டருக்குக் கணக்குப் போவது கியர்பாக்ஸ் பின்னாலிருந்து, சக்கரத்திலிருந்து இல்லை. கிரவுனை மாற்றினால் அதே தூரத்துக்கு ஷாஃப்ட் குறைவாகத்தான் சுற்றும். மீட்டருக்கு அது தெரியாது. ஒரு நாள் நானே பவானி பக்கம் ஓட்டிக்கொண்டு போய்க் கிலோமீட்டர் கல்லை எண்ணினேன். 14 கல் தாண்டியபோது மீட்டரில் 12. அதாவது 1,000 கிலோமீட்டர் ஓடினால் 857 என்று காட்டும். மீட்டர் சொன்ன 3.6 உண்மையில் 4.2. கூடிய மைலேஜைக் குறைந்த மைலேஜாகப் படித்து ஒருவனைத் திருடன் ஆக்கியிருந்தேன்.

டயரிலும் இதே கதை, சின்ன அளவில். புது டயருக்கும் மொட்டை டயருக்கும் விட்டத்தில் 3 செ.மீ. வரை வித்தியாசம் வரும். தேய்ந்த டயர் அதிகம் சுற்றுவதால் மீட்டர் 2, 3 சதவீதம் கூடக் காட்டும். எஞ்சின் வேலை செய்த கையோடு எல்லா டயரையும் புதிதாகப் போட்டவர்கள், மீட்டர் திடீரென்று குறைத்துக் காட்டுவதைப் பார்த்து எஞ்சின் வேலையைத் திட்டுவார்கள். புது டயர் உருளுவதற்கும் கொஞ்சம் கூடுதல் டீசல் கேட்கும் என்பது வேறு. ஆகவே கிரவுனோ டயரோ மாற்றியிருந்தால் கல்லை எண்ணியோ போனில் ஜி.பி.எஸ். வைத்தோ 50 கிலோமீட்டராவது ஒப்பிட்டுப் பாருங்கள். எலக்ட்ரானிக் மீட்டர் என்றால் ஷோரூமில் அளவைத் திருத்தித் தருவார்கள்.

ஒரு எச்சரிக்கை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி, திம்பத்தில் 27. மலை நடை அதிகம் உள்ள வண்டிக்கு 7-41 போடாதீர்கள். ஏற்றத்தில் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் பிளேட் வாசனை வரும்.

அறிகுறி: உஸ் என்று ஒரு சத்தம், இழுவை மந்தம்

இன்டர்கூலர் ஹோஸ், அதாவது டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பெட்டிக்குப் போய் வரும் ரப்பர் குழாய். கிளாம்ப் தளர்ந்திருக்கும், இல்லை ஹோஸின் அடியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். டர்போ கஷ்டப்பட்டு அழுத்தும் காற்று பாதி வழியில் வெளியே போகிறது. இணைப்பில் லேசான எண்ணெய் ஈரம் சகஜம். அதன்மேல் புழுதி கோடாக ஒட்டியிருந்தால் அங்கேதான் கசிவு. சோப்புத் தண்ணீர் தெளித்து, ஒருவர் ஆக்சிலரேட்டர் மிதிக்க இன்னொருவர் பாருங்கள். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ஹோஸையும் விடாதீர்கள். மலிவு ஹோஸ் போட்டிருந்தால் உள் அடுக்கு பிரிந்து, எஞ்சின் இழுக்கும்போது மட்டும் சப்பையாகும். நிறுத்திப் பார்த்தால் நல்ல பிள்ளைபோல் இருக்கும்.

அறிகுறி: காலையில் வெண்புகை, டக் டக் சத்தம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்

நாசில் வேலையோ ஹெட் வேலையோ செய்த பிறகு இது வந்தால் இரண்டைப் பாருங்கள். ஒன்று டைமிங். பம்ப்பை மறுபடி ஏற்றும்போது இரண்டு, மூன்று டிகிரி பின்தங்கி வைத்துவிட்டால் டீசல் தாமதமாக எரியும். காலையில் வெண்புகை, ஓட ஓட சைலன்சரில் சூடு, மைலேஜ் சரிவு. முன்தள்ளி வைத்தால் நேர் எதிர்: சத்தம் கடக்கடவென்று இருக்கும், மைலேஜ் கொஞ்ச நாள் கூடும், அதைப் பார்த்து நாம் சந்தோஷப்படுவோம், அப்புறம் ஹெட் கேஸ்கெட் போகும். மைலேஜுக்காக டைமிங்கை முன்தள்ளும் வித்தையை நான் எந்த வண்டியிலும் செய்ய மாட்டேன்.

இன்னொன்று செம்பு வாஷர். நாசில் உட்காரும் குழியின் அடியில் ஒரு மோதிரம்போல் இருக்கும். பழைய நாசிலை உருவும்போது அது கூட வராமல் குழியிலேயே கரி படிந்து ஒட்டிக்கொள்ளும். கறுப்பில் கறுப்பாகத் தெரியவே தெரியாது. பட்டறைப் பையன் அதன்மேல் புது வாஷரைப் போட்டு இறுக்கிவிடுவான். நாசில் முனை ஒரு வாஷர் கனத்துக்கு மேலே நிற்கும். டீசல் பிஸ்டன் குழிக்குள் விழாமல் ஓரத்தில் அடிக்கும். அந்த ஒரு மோதிரத்துக்காக இரண்டு தடவை பம்ப்பைக் கழற்றி மாட்டிய வண்டியைப் பார்த்திருக்கிறேன். நாசிலை எடுத்தால் கையில் ஆறு பழைய வாஷரும் வந்ததா என்று எண்ணச் சொல்லுங்கள்.

அறிகுறி: எஞ்சின் போர் போட்டு (சிலிண்டரைப் புதுப்பித்து) மூன்று மாதம் ஆகியும் மைலேஜ் வரவில்லை, டெம்ப்ரேச்சர் முள் மேலேயே ஏறுவதில்லை

முள் கீழேயே இருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் நம் பக்கம் அதிகம். "இந்த வெயிலுக்கு வால்வு எதுக்குங்க" என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசிவிடுவார்கள். 80 டிகிரி பக்கம் திறக்க வேண்டிய வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். எஞ்சின் அரை வெந்நீரில் ஓடும். ஆயில் கெட்டியாகவே இருக்கும், சிலிண்டர் லைனர் சீக்கிரம் தேயும், டீசல் சரியாக எரியாது. வால்வைத் திரும்பப் போடுங்கள். அதன் பிறகு சூடு ஏறினால் நோய் ரேடியேட்டரில் இருக்கிறது.

ஃபேனையும் பாருங்கள். சூடானால் மட்டும் பிடிக்க வேண்டிய ஃபேனை நிரந்தரமாகப் பிடிக்கும்படி போல்ட் போட்டு வைத்திருப்பார்கள். அது எப்போதும் சுற்றிக்கொண்டே பத்து, இருபது குதிரைத்திறனை விழுங்கும்.

அறிகுறி: பி.எஸ்.6 வண்டி, எஞ்சின் விளக்கு எரிகிறது, "சாஃப்ட்வேர்" ஏற்றிய பிறகு மைலேஜ் போச்சு

2020 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் ஸ்க்ரூ கிடையாது, ஆகவே வித்தை லேப்டாப்புக்கு மாறிவிட்டது. "லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டித் தர்றோம்" என்பார்கள். நான்கை ஐந்தாக்குவது என்றால் 25 சதவீதம். நல்ல டீசல் எஞ்சின் ஏற்கனவே 40 சதவீதத்துக்கு மேல் திறமையாக எரிக்கிறது. அதை 50க்கு மேலே தூக்குகிறேன் என்று ஒருவர் லேப்டாப்போடு வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

யூரியாவை நிறுத்தினால் டீசல் மிச்சமாகும் என்பது இன்னொரு பேச்சு. நடப்பது வேறு. எஞ்சினை நல்ல சூட்டில், டீசல் மிச்சமாகும்படி எரிய விட்டு, அதனால் கூடும் நைட்ரஜன் புகையைப் பின்னால் யூரியா தெளித்துச் சுத்தம் செய்கிறார்கள். யூரியாவை ஏமாற்றினால் மிச்சமாவது யூரியா காசு மட்டும், 100 லிட்டர் டீசலுக்கு 3 முதல் 5 லிட்டர். கண்டுபிடித்தால் வண்டி தானே இழுவையைக் குறைத்துக்கொள்ளும், லோடோடு ஏற்றத்தில் நிற்பீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இப்படி மாற்றுவதை அனுமதிப்பதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ஏற்றியிருந்தால் பழைய சாஃப்ட்வேருக்குத் திரும்புங்கள், அதுதான் ரிப்பேர்.

ஒன்றும் மாற்றாமலே மைலேஜ் விழுந்தால் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருக்கிறதா? புகை வடிகட்டியின் கரியை எரிக்க எஞ்சின் கூடுதல் டீசல் விடும். அது அடிக்கடி நடந்தால், அல்லது பாதியில் நிறுத்தப்பட்டுக்கொண்டே இருந்தால், அந்த டீசலில் கொஞ்சம் ஆயிலில் இறங்கும். நாசில் சொட்டினாலும் இதே அறிகுறிதான். உடனே காட்டுங்கள், பேரிங் போய்விடும்.

அறிகுறி: வாளையார் பக்கம் போனால் மட்டும் குறைகிறது

ஆனி, ஆடி மாதமா? அப்படியானால் எஞ்சினை விட்டுவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேர் முகத்தில் அறையும். பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. உயரமாகப் பாடி கட்டிய வண்டிக்கு, தார்ப்பாய் படபடக்க ஓடினால் இன்னும் மோசம். கயிற்றை இழுத்துக் கட்டுங்கள், 60க்கு மேல் ஓட்டாதீர்கள். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். அதனால்தான் போக வர சேர்த்துக் கணக்கு எடுக்கச் சொன்னேன்.

அறிகுறி: மேலே சொன்ன எதுவுமே இல்லை

சமதளத்தில் 20 கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓரம் கட்டுங்கள். இறங்கி ஒவ்வொரு ஹப்புக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் லைனர் டிரம்மை விட்டு விலகாமல் உரசுகிறது, அல்லது பேரிங் இறுக்கம். எஞ்சினுக்கு 40,000 ரூபாய் செலவு செய்த பிறகு, என் வண்டியில் ஒரு தடவை இடது பின் சக்கரத்தில் ரிட்டர்ன் ஸ்ப்ரிங் ஒன்று ஒடிந்து கிடந்தது.